நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிவாயுக் குழாய்த் திட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவசாயிகளின் நிலம் பறிபோகாது, பயன்பாட்டு உரிமையை, அதாவது நிலத்துக்கு அடியில் குழாய் புதைக்கும் உரிமையை மட்டும்தான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று அதில் ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. பெங்களூரில் குடியிருந்துகொண்டு ஓசூர், சூளகிரி, ஆனேக்கல், மாலூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் உங்கள் வாசகர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் குழாய்க்கு எதிரி இல்லை. அல்சூரில் எங்கள் வீட்டு அடுப்புக்கே குழாயில்தான் எரிவாயு வருகிறது. அது யாரோ ஒருவர் வயலுக்கு அடியில் வந்துதான் ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

இதற்கான சட்டம் 1962-இல் வந்தது. பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்காக நிலத்தில் பயன்பாட்டு உரிமை பெறும் மத்தியச் சட்டம். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இதே சட்டம்தான். பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும், பயிரும் வைக்கலாம். ஆனால் குழாய் போகும் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இதற்கு ஆண்டுக் கணக்கு எதுவும் கிடையாது. பேரன் காலத்திலும் இதேதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என் மைத்துனருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. முழுக்க பெங்களூரா ரகம், கூழ் ஆலைக்குப் போவது. குழாய் நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வந்து, "நிலம் உங்கள் பேரில்தான் இருக்கும் சார், நாங்கள் குழாயைப் புதைத்துவிட்டு மூடிக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். சொன்னபடி மூடியும் கொடுத்தார்கள். ஆனால் குழாய் தோப்பின் நடுவில் கோணலாகப் போகிறது. மரமே நடக் கூடாத இடத்தில் மாந்தோப்புக்காரர் என்ன செய்வார்? ராகி விதைக்கலாம் என்றார் ஓர் அதிகாரி. இரண்டு பக்கமும் மா நிழல், நடுவில் ராகி. அந்த அதிகாரி ராகி விளைவித்துப் பார்த்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு இந்தக் கதி வரவில்லை. அவர் காலத்தோடு ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார், நேரில் போய்ப் பேசினார், குழாயை வரப்போரமாக ஒதுக்கிவிட்டார்கள். என் மைத்துனர் பெங்களூரில் வேலையில் இருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது.

கெடு எவ்வளவு தெரியுமா? 21 நாள். உரிமையை எடுக்கப் போகிறோம் என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசிதழில் அறிவிக்கை வரும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு என்று வெறும் அட்டவணை. உங்கள் பெயர் அதில் இருக்காது. அது வந்ததிலிருந்து 21 நாளுக்குள், தகுதிபெற்ற அலுவலர் என்று நியமிக்கப்பட்டவரிடம் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டால் நேரிலோ வக்கீல் மூலமோ பேச உங்களுக்கு வாய்ப்புத் தந்தே ஆக வேண்டும். அதன் பிறகு 6-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமை கைமாறிவிட்டது. அப்புறம் பணத்தைப் பற்றி மட்டும்தான் பேச முடியும், பாதையைப் பற்றி இல்லை.

பாதையை மாற்றுவது மாநில அரசுக்கே முடியாமல் போனதைப் பார்த்தோமே. கொச்சியிலிருந்து வரும், மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயைக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-இல் தமிழக அரசு உத்தரவு போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அரசுக்குக் கைகொடுக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், தனி ஆளுக்கு மிஞ்சுவது அந்த 21 நாள்தான்.

அந்த நாட்களில் என்ன கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடம், நிரந்தரக் கட்டடம் உள்ள இடம், வீட்டை ஒட்டிய நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் போடச் சட்டமே தடை விதிக்கிறது. மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் புதைக்கக் கூடாது. குழி தோண்டும் அன்று ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றால் தப்பில்லை.

சரி, பணம். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதுவும் முதல் அறிவிக்கை வந்த நாளின் மதிப்பில். ஏக்கர் 10 லட்சம் என்று கணக்குப் போட்டால் ஒரு ஏக்கர் பட்டைக்கு ஒரு லட்சம், ஒரே தடவை. ஓசூர் பக்கம் ஏக்கர் என்ன விலைக்குப் போகிறது, வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டவும் முடியாது, போர்வெல் போடவும் முடியாது என்று தெரிந்த நிலத்தை வாங்க வருகிறவர் பத்தில் ஒரு பங்கா குறைத்துக் கேட்பார்? நிறுவனம் வருஷா வருஷம் அந்தக் குழாயால் சம்பாதிக்கிறது. வருஷா வருஷம் வாடகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வெட்டிய மரத்துக்கும் நின்ற பயிருக்கும் தனியாக இழப்பீடு உண்டு. இங்கேதான் ஊரில் இல்லாதவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதும் அடங்கலில் மாமரம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் மைத்துனரின் அடங்கலில் பல வருஷமாக வெறும் புஞ்சை என்றே இருந்தது. தோப்பு கண்ணெதிரே நிற்கிறது, காகிதத்தில் இல்லை! கிராம நிர்வாக அலுவலரிடம் அலைந்து திருத்துவதற்குள் பாதி மரம் விறகாகிவிட்டது. நிலத்தில் இருப்பதை நேரில் பார்த்துப் பதியும் மகஜர் எழுதும்போது கூடவே நின்று, மரம் எத்தனை, வயது என்ன, சுற்றளவு என்ன என்று எழுத வைத்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் தொகை பிடிக்கவில்லை என்றால் நிலம் இருக்கும் இடத்தின் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். என் மைத்துனர் இப்போது அங்கேதான் நிற்கிறார்.

இன்னொன்று, பட்டா. பெங்களூருக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் பட்டா தாத்தா பேரில் கிடக்கும் குடும்பங்கள் எனக்கே பல தெரியும். இழப்பீடு என்று வரும்போது அண்ணன் தம்பி எல்லோரும் வாரிசுச் சான்றிதழுக்கு ஓட வேண்டியிருக்கிறது. கர்நாடகப் பக்கம் நிலம் இருந்தால் அங்கத்து நில உரிமைப் பதிவான ஆர்.டி.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அரசிதழில் போட்டோம், ஊரில் அறிவித்தோம் என்று நிறுத்திக்கொள்ளாமல், பட்டாதாரர் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பட்டும். தபால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளை எண்ணட்டும். மின்கட்டண பாக்கிக்கு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டில் இது ஒன்றும் முடியாத வேலை இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். குழாய் அறிவிக்கை வரும்போதெல்லாம், எந்த வட்டம், எந்தக் கிராமம் என்றாவது ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கூடவே ஆட்சேபணை மனுவுக்குத் தமிழில் ஒரு மாதிரியும் போட முடிந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு

(வழக்கு நடப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)