வடம் திரித்த விவசாயி

அன்புள்ள மாப்ளே,

முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாள் படி ஏறாதே, சொன்னால் கேள். எனக்கு இங்கே பேரனைப் பள்ளியில் விடுவதும் கூட்டிவருவதும்தான் வேலை.

போன ஞாயிறு மகன் என்னை ரோப்ளிங் என்ற சிற்றூருக்கு அழைத்துப்போனான். நியூ ஜெர்சியில், டெலாவேர் ஆற்றங்கரையில் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளின் தொங்குபாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங்கின் பிள்ளைகள், தங்கள் எஃகு ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். முப்பது வருஷம் பாலம் கட்டிய உனக்குப் பாலத்தைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது! அந்த மனுஷன் கதைதான் என்னை விடவில்லை.

1806இல் ஜெர்மனியின் முல்ஹவுசனில் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் படித்தவர். ஒவ்வொன்றுக்கும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்து சலித்துப்போய், 1831இல் சகோதரர் கார்லோடு கப்பலேறினார். பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்று ஊர் அமைத்து, பாலம் கட்டப் படித்தவர் ஏர் பிடித்தார். விவசாயம் கைகொடுக்கவில்லை. 1837இல் கார்ல் வயலில் வெயில் தாக்கி இறந்துபோனார்.

அப்புறம் கால்வாய் வேலை. கால்வாய்ப் படகுகள் அலெகனி மலையைத் தாண்ட, அவற்றைத் தண்டவாளத்தில் ஏற்றி, தேர்வடம் மாதிரி பருத்த நார்க் கயிற்றால் இழுப்பார்களாம். கயிறு சீக்கிரமே தேய்ந்துவிடும். கம்பியில் வடம் திரித்தால் என்ன என்று இவருக்குத் தோன்றியது. 1841இல் அக்கம்பக்கத்து விவசாயிகளைக் கூட்டி, திறந்த வெளியில் கையாலேயே கம்பியை முறுக்கினார்கள். பின்னாளில் அவர் கட்டிய கம்பிவடத் தொங்குபாலத்தில்தான் 1855இல் நயாகராவின் மேல் ரயில் ஓடியது.

முடிவுதான் கொடுமை. 1869இல் புரூக்ளின் பாலத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது படகுத்துறைக்கு வந்து சேர்ந்த பயணிகள் படகு காலை நசுக்கியது. எந்தப் படகுக்குப் பதிலாகப் பாலம் கட்ட வந்தாரோ, அதே படகு! விரல்களை எடுத்தார்கள். வைத்தியர் பேச்சைக் கேட்காமல் தண்ணீர் வைத்தியமே போதும் என்றார் பிடிவாதக்காரர். மூன்று வாரத்தில் வில்வாத ஜன்னி கொண்டுபோய்விட்டது.

பிள்ளை வாஷிங்டன் வேலையை எடுத்துக்கொண்டார். அஸ்திவாரம் தோண்ட ஆற்றடியில் இறக்கிய, அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் வேலைபார்த்து உடம்பு முடங்கியது. மனைவி எமிலிதான் அவருக்கும் வேலையிடத்துக்கும் நடுவே ஓடினார். நடுவில் ஒரு ஒப்பந்தக்காரன் மட்டமான கம்பியைத் தள்ளிவிட்டது தெரியவந்தது. வடங்களில் சேர்ந்துபோனதை இனி உருவ முடியாது. நல்லவேளை, அப்பா தேவைக்கு ஆறு மடங்கு பலம் வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். ஒவ்வொரு வடத்துக்கும் 150 கம்பிகள் கூடுதலாகச் சேர்த்துச் சமாளித்தார்கள். 1883 மே 24இல் பாலம் திறந்தது.

சரி, இவ்வளவு பெரிய மனுஷன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளை அடிப்பவராம். வாஷிங்டனே எழுதிவைத்திருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் ஆட்டம் கண்டது. உனக்கு என்ன தோன்றுகிறது?

அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களை இத்தோடு வைத்திருக்கிறேன். புரூக்ளின் பாலத்தில் நான்கு வடம், ஒவ்வொன்றிலும் 19 புரி. முறுக்காமல் நேராகவே அடுக்கிக் கட்டியிருக்கிறார்களே, ஏன்? உன் பாஷையில் வேண்டாம், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பழைய அறைத்தோழன்