நாய்க்கடுகு எந்தக் குடும்பம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைமுத்து,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நாய்க்கடுகு எந்தக் குடும்பம் என்று கேட்டு நீ அனுப்பிய இலைப் பொதியும் வந்தது. ஈரம் போகாமல் பாலித்தீனில் கட்டிவிட்டாய் போல, பாதி கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கு. அதில் டிஎன்ஏ துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். இனிமேல் பறித்த உடனே இளம் இலையைக் கிழித்து, எடையில் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போடு. ஒரு நாளில் நொறுங்கக் காய வேண்டும். ஐப்பசி மழையில் ஜெல்லை மாற்றிப் போடச் சோம்பக் கூடாது.

நாங்குநேரிப் பக்கத்து நாய்க்கடுகு கடுகுக் குடும்பம் இல்லை, வேளைக் குடும்பம். நாலு இதழும் நீளக் காயும் ஏமாற்றும். கடுகுக் காயைப் பிளந்தால் நடுவே மெல்லிய சவ்வு தெரியும், இதில் கிடையாது. மகரந்தத் தாளும் கடுகைப் போல ஆறு இல்லை, அதற்கு மேல். வேளைச் செடிகளை முன்பு ஆதொண்டையோடு சேர்த்திருந்தார்கள். 1998-இல் எல்லாவற்றையும் கடுகுக் குடும்பத்துக்குள் போட்டார்கள். 2002-இல் குளோரோபிளாஸ்ட் (இலைச் செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பு) ஜீன்களை ஒப்பிட்டபோது வேளை ஆதொண்டையைவிடக் கடுகுக்கே நெருக்கம் என்று தெரிந்தது. இப்போது மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள்.

டிஎன்ஏ பிரிக்கக் காய்ந்த இலை 20 மில்லிகிராம் போதும். மாவாக அரைத்து, செல்லை உடைக்கும் சோப்புப் பொருளான சிடிஏபியின் 2 சதவீதக் கரைசலில் (உப்பு 1.4 மோலார், சாறு பழுப்பாகாமல் இருக்கக் கொஞ்சம் பிவிபி, மெர்காப்டோ எத்தனால்) 65 டிகிரியில் முக்கால் மணி நேரம் வை. பிறகு குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1. டிஎன்ஏ இருக்கும் மேல் அடுக்கை மட்டும் எடு, பேராசைப்பட்டு நடுப்படலத்தைத் தொடாதே. டிஎன்ஏவைப் படியவைக்க ஐசோபுரொப்பனால் ஊற்றும்போது நாய்க்கடுகின் பிசுபிசுப்பும் அதோடு சேர்ந்து கூழாக இறங்கும். அப்படி இறங்கினால் மறுமுறை ஆல்கஹாலுக்கு முன் உப்பைக் கூட்டு. பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல பிரதியாகப் பெருக்கும் முறை) பெருகியதைக் காட்டும் பட்டை வரவில்லை என்றால் டிஎன்ஏவை அதிகம் ஊற்றாதே, பத்து மடங்கு நீர்த்துப் பார். தடுப்பது பெரும்பாலும் இந்தக் கூழும் இலையின் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலும்தான்.

குளோரோபிளாஸ்ட் ஒன்றை மட்டும் நம்பாதே. அது தாய்வழி மட்டும். நம் தாளிப்புக் கடுகுக்கு 36 குரோமோசோம்: டர்னிப் வகையின் 20, கருங்கடுகின் 16. குளோரோபிளாஸ்டை வைத்து வரையும் வம்ச மரத்தில் அது டர்னிப்போடு போய் உட்காரும், கருங்கடுகுத் தந்தை தெரியவே மாட்டார். அதனால் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற பகுதியையும் வாசி. அந்த வாசிப்பின் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரம் வந்தால் அழுக்கு என்று தள்ளாதே. கலப்பினத்தின் இரு பிரதிகளாக இருக்கலாம், குளோன் செய்து (ஒவ்வொரு பிரதியையும் பாக்டீரியாவில் பிரித்து வளர்த்து) தனித்தனியாக வாசி. காய் வடிவத்தை வைத்து வகுத்த பழைய பிரிவுகள் பல இப்படித்தான் உடைந்தன.

வம்ச மரத்துக்கு வேர் நிறுத்த, ஒப்பிடும் வெளிச் செடிகளாக ஆதொண்டையும் முருங்கையும் சேர்த்துக்கொள். முருங்கை, பப்பாளி, உகா எல்லாம் கடுகோடு ஒரே வரிசை (பல குடும்பங்கள் சேர்ந்த தொகுப்பு). கடுகெண்ணெய்ச் சத்தும் உண்டு. கோயில் காட்டு வீரை மரத்தைச் சேர்க்காதே. அதன் பேரினத்திலும் அதே சத்து உண்டு, ஆனால் டிஎன்ஏப்படி தூரத்து வரிசை.

அடுத்த பொதியில் ஒவ்வொரு செடிக்கும் பூவும் காயுமாக ஒரு கிளை அழுத்தி, இலைப் பையிலும் அதே எண் போட்டு அனுப்பு. அது இல்லாமல் டிஎன்ஏவை வாசித்தால் நாளைக்குப் பெயரைச் சரிபார்க்க வழியில்லை.

அன்புடன்,
ஆறுமுகம்