சருக கூட்டி கொளுத்துற அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்க், கேம்பஸ், ரோட்டோர மரம்னு பராமரிப்பு பொறுப்புல இருக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கே வந்துடறேன். மரத்தடியில விழுற இலைய தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க, முடிஞ்சா அள்ளவே அள்ளாதீங்க. "இடம் சுத்தமா இருக்கணும்ல"ன்னு நீங்க கேப்பீங்க, புரியுது, நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், காஞ்ச இலைன்னா குப்பை, குப்பைன்னா பெருக்கணும், அவ்ளோதான். பெருக்குறவங்க மேல தப்பே இல்ல, அவங்களுக்கு ஆர்டர் போடுறது நீங்க, அதனாலதான் உங்களுக்கே எழுதுறேன்.

போன வாரம் வாக்கிங் போற இடத்துல சுவரோரமா தொடப்பம் எட்டாத ஒரு மூலை, அங்க ஒரு குச்சிய வெச்சு சருக கிளறி பாத்தேன். மேல மொறுமொறுன்னு முழு இலை. அதுக்கு கீழ நரம்பு மட்டும் மிஞ்சி சல்லடையா போன இலை. இன்னும் கீழ ரெண்டு மூணு இலைய சேத்து தெச்ச மாதிரி வெள்ளையா நூல் நூலா ஓடுது, அதான் பூஞ்சை. ஒரு மரவட்டை என்னைய பாத்து சுருண்டுக்கிச்சு. அதுக்கும் அடியில இருந்தத இலைன்னே சொல்ல முடியாது, கருப்பா ஈரமா கைல ஒட்டுது, புது மழைக்கு வருமே அந்த மண்வாசனை (அது மண்ணுல இருக்குற ஒரு வகை பாக்டீரியா உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கற பொருளோட வாசனைதான்). ரெண்டடி தள்ளி தினமும் பெருக்குற இடத்துல அதே குச்சி இறங்கவே இல்ல, மண்ணு பாறையாட்டம் இறுகி கெடக்கு.

மரம் ஒண்ணும் வேண்டாத பொருள தூக்கி போடல சார். உதிர்க்குறதுக்கு முன்னாடியே இலைல இருக்குற நைட்ரஜன், பாஸ்பரஸ்ல ஏறக்குறைய பாதிய உள்ள இழுத்து வெச்சுக்கும். கால்சியம் மாதிரி சிலத இழுக்க முடியாது, அது இலையோடவே கீழ வந்துடும். அந்த மிச்சத்த பூஞ்சையும் பாக்டீரியாவும் பிரிச்சு வேர் உறிஞ்சுற மாதிரி ஆக்கி குடுக்குது, மரம் அத வெச்சு அடுத்த இலைய விடுது. பழுத்த ஓலைய பாத்து குருத்தோலை சிரிச்சுச்சாம்னு சொல்லுவாங்கல்ல, நெஜத்துல அந்த குருத்து சாப்புட்டு வளர்றதே அந்த பழுத்தத தான்.

கொளுத்துனா என்ன ஆகுது? நைட்ரஜன்ல பெரும்பகுதி புகையோட மேல போயிடுது. பொட்டாசியம், கால்சியம் சாம்பல்ல நிக்கும், அதுவும் ஒரு காத்துக்கும் ஒரு மழைக்கும் தாங்காது. அப்புறம் மரம் டல்லா இருக்குன்னு யூரியா மூட்டை எறக்குறீங்க, யூரியால 46 சதவீதம் என்னன்னு பாத்தீங்கன்னா அதே நைட்ரஜன்! யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவ ஃபேக்டரில செய்ய 400 டிகிரி சூடும் காத்தழுத்தத்த விட 100 மடங்குக்கு மேல அழுத்தமும் வேணும், இங்க தரைல கெடந்தத நெருப்பு வெச்சுட்டு அந்த யூரியாவ வாங்குறோம்.

சரி, சும்மா போட்டா மக்கிடுமான்னா, அவசரப்பட்டா ஆகாது. காஞ்ச இலைல ஒரு பங்கு நைட்ரஜனுக்கு கார்பன் சுமாரா 50 பங்கு இருக்கும், மரத்தூள்ல நூத்துக்கணக்குல. நுண்ணுயிருக்கு வசதியான அளவு 25 சொச்சம்தான். அதுக்கு மேல போனா பத்தாத நைட்ரஜன அதுங்க மண்ணுலேர்ந்தே புடுங்கிக்கும், செடி மஞ்சளடிச்சு போயிடும். மரத்தூள மண்ணோட கொத்தி விட்டுட்டு "மக்குனதால செடி செத்துச்சு"ன்னு சொல்ற ஆளுங்கள பாத்திருக்கேன். மேலாப்புல பரப்பி விட்டா போதும், கொத்தி கலக்க வேணாம்.

மக்க வெக்கிற ஆளுங்க (பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி, வண்டுன்னு) இல்லன்னா என்ன ஆகும்னு ஆஸ்திரேலியால பாத்தாச்சு. 1788ல ஐரோப்பாக்காரங்க மாட்ட கொண்டு வந்து எறக்குனாங்க, அங்க இருந்த சாணி வண்டுங்களுக்கு கங்காரு புழுக்கைதான் பழக்கம், மாட்டு சாணிய பெருசா கண்டுக்கல. சாணி அப்படியே வறண்டு கெடந்து, புல்லு மொளைக்காம, ஈ மொய்ச்சு பெரிய தலவலி. கடைசில ஜார்ஜ் போர்னமிசாங்கற விஞ்ஞானி சொல்லி 1965லேர்ந்து இருவது வருஷம் வெளிநாட்டு வண்டுங்கள தேடித்தேடி கொண்டு வந்து விட்டாங்க. உங்ககிட்ட ஆளுங்க ஏற்கனவே இருக்காங்க, சாப்பாட்ட புடுங்காம இருந்தா போதும்.

பூச்சி வரும் பாம்பு வரும்னு கம்ப்ளெயின்ட் வரும், தெரியும். மலையா குவிக்க வேணாம், நாலு விரக்கடை உயரத்துக்கு, அடிமரத்த ஒட்டாம பரப்பி விடுங்க. பிளாஸ்டிக்க பொறுக்கிடுங்க. தீப்பிடிக்கிற ஆபத்து இருக்குற இடத்துலயும், கட்டடத்த ஒட்டியும் வேணாம், நோய் விழுந்த இலைய தனியா எடுத்துடுங்க. ரோட்டுல, வடிகால்ல விழுந்தத கண்டிப்பா அள்ளணும், அதுல நான் உங்க பக்கம்தான், தண்ணில ஊறுன இலைலேர்ந்து சாயம் மாதிரி பாஸ்பரஸ் எறங்கி ஏரிக்கு போனா பாசி கன்னாபின்னான்னு வளந்து, அது செத்து அழுகுறப்ப தண்ணில ஆக்சிஜன் தீந்து மீனு செத்து மெதக்கும். அள்ளி மரத்தடிக்கே கொண்டு வந்து போட்டுடலாமே.

நம்பிக்கை இல்லன்னா ஒரு டெஸ்ட் இருக்கு, கனடா, அமெரிக்கா பக்கம் விவசாயிங்க செய்றது, சிரிக்காதீங்க. முழு காட்டன் ஜட்டி ஒண்ண மண்ணுல பொதச்சு ரெண்டு மாசம் கழிச்சு தோண்டணும். உயிருள்ள மண்ணுன்னா துணிய தின்னு தீத்துட்டு எலாஸ்டிக்க மட்டும் விட்டு வெச்சிருக்கும். சருகு மூடுன ஒரு மரத்தடில ஒண்ணு, தினமும் பெருக்குற மரத்தடில ஒண்ணு பொதச்சு பாத்துடுவோம். எந்த ரெண்டு மரம்னு நீங்களே சொல்லுங்க, ஜட்டிய நான் கொண்டு வரேன்.

இப்படிக்கு,
குச்சிய வெச்சு கிளறிக்கிட்டு இருந்த அந்த ஆளு