கோடியக்கரை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

கோடியக்கரை மக்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி நேற்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டாள். வந்ததும் வராததுமாக ரசம் கேட்டாள். நேற்றுச் சமையல் முறை என்னுடையது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, புளி தூக்கலாக இருக்கிறது என்றாள். அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் போன உயிர் வந்தது. அந்தத் தெம்பு இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன்.

தை கடைசி ஞாயிறு என்ன நடந்தது என்பது வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை தெரியும். என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். அவள் சேற்றில் மாட்டிக்கொண்ட அந்த மூன்று மணி நேரத்தை மறுபடி எழுதிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே போகலாம் என்று ஆரம்பித்தது நான்தான். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நிவாரண வேலைக்காக ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். ஈரோடு, மதுரை, சென்னை, தூத்துக்குடி என்று 11 பேர், கடைக்குட்டியும் எங்களில் ஒருத்தி. இரண்டு அறை, ஒரே ஒரு குளியலறை. துணி மூட்டை பிரிப்பது, தார்ப்பாய்க் கணக்கு, விழுந்த மாமரத்தை அறுத்து வழிவிடுவது, தென்னங்கன்று இறக்குவது என்றே நாள் போகும். ஞாயிறு என்றால் எங்களுக்குத் துணி துவைக்கும் நாள், அவ்வளவுதான். ஒருநாளாவது கணக்கு நோட்டு இல்லாமல் எங்காவது போய்வரலாம் என்றேன். உடனே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். காலை 5 மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டினோம்.

மதியம் வரைக்கும் நல்ல நாள் அது. அகத்தியம்பள்ளியில் இறங்கி உப்பு சத்தியாகிரக ஸ்தூபியைப் பார்த்தோம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்தார் என்றதும், எங்களில் ஒருவன் நாமும் மீதி தூரத்தை நடப்போம் என்று வீராப்புப் பேசி, அரை மணி நேரத்தில் பஸ்ஸுக்குக் கைகாட்டினான். ராமர் பாதம் போனோம். 2004 சுனாமியில் விழுந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் எங்கே இருந்தது என்று கேட்டுப் பார்த்தோம். பூநாரை மட்டும் கண்ணில் படவில்லை. வெகுதூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைக் கூட்டம் என்றான் ஒருவன். உப்புக் குவியல் என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் கடைக்குட்டி சேற்றில் இறங்கினாள். மேலே பொருக்குத் தட்டி, காய்ந்த தரை மாதிரிதான் இருந்தது. சரி, இதோடு விடுகிறேன்.

அக்கா, இனி எழுதுவது உங்களுக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாதிக் கீற்றும் பாதித் தார்ப்பாயுமாகக் கூரை போட்ட அந்த வீட்டு வாசலில் அவளைக் கொண்டுவந்து இறக்கியபோது, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் யார் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் போங்க" என்றீர்கள். ஒரு சேலையை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கட்டினீர்கள். குடிக்கப் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அவள் காலைக் கழுவினீர்கள். உப்புத் தண்ணீரில் கழுவினால் கீறலெல்லாம் எரியும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கைவிட்டு ஒரு நைட்டியை எடுத்தீர்கள். இன்னும் கவர்கூடப் பிரிக்காதது. பல்லால் கடித்துக் கவரைக் கிழித்தீர்கள். கரும்பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, முன்பக்கம் ஜிப். கழுத்தில் விலைச் சீட்டு தொங்கியது, அதையும் பிய்த்துப் போட்டீர்கள். நான், "புதுசு வேண்டாம்க்கா, பழசு ஏதாவது இருந்தா குடுங்க" என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நனஞ்ச புள்ளைக்குப் பழசென்ன புதுசென்ன" என்று சொல்லிக்கொண்டே அவள் தலைக்கு மேலே மாட்டிவிட்டீர்கள். ஈரமுடி முதுகில் படாதபடி உச்சியில் தூக்கி ஒரு கொண்டை. பிறகு 108 வரும் வரைக்கும் அவள் உள்ளங்காலை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். உலை பொங்கி அடுப்பு அணைந்தது. நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சேற்றில் கிடந்த அவளுடைய சுடிதார் அலசி, காய்ந்து, மடித்து ஒரு மஞ்சள் பையில் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டீர்களாம். பையைக் கொண்டுவந்த உங்கள் தெருக்காரர்தான் போகிற போக்கில் சொன்னார்: "மகளுக்குத் தலப்பிரசவம். வீட்டுக்கு வருதுன்னு மூணு நைட்டி எடுத்து வச்சிருந்துச்சு. ஒண்ணு ஒங்க புள்ளைக்குப் போச்சு."

அக்கா, எங்கள் வீட்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், தெரு, குடும்ப அட்டை எண், கையெழுத்து. இதெல்லாம் இல்லாமல் ஒரு தார்ப்பாய் எங்கள் வாசலைத் தாண்டாது. முறைகேடு நடக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்தோம், இப்போதும் அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிரவே அந்த நோட்டை எடுத்துத் தேடிப் பார்த்தேன். உங்கள் தெரு அதில் இல்லை. கேட்டு வந்த யாரிடமோ அடுத்த வாரம் பார்ப்போம் என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். அது நீங்களாக இருந்திருக்கக் கூடாதே என்று அப்போதிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இனிமேல் அடுத்த வாரம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. தெருவாகக் கேட்டு எழுதாமல், நடந்து போய்ப் பார்த்து எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் தெருவில்தான் ஆரம்பிக்கிறோம். நைட்டிக்குப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேட்டரி லைட்டோடு இறங்கி, "குறுக்கால நடக்காதீங்க, காத்து திரும்பினா தண்ணி ஏறும்" என்று எங்களைக் கரையிலேயே உட்காரவைத்த மீன்பிடித் தொழிலாளர்கள், அதிலும் மார்கழி தை சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து கொட்டகை போட்டிருக்கும் அண்ணன்கள். சுமையை இறக்காமலே லாரியைத் திருப்பிக்கொண்டு வந்த உப்பு லாரிக்காரர். 108இல் வந்த இருவர். நாகப்பட்டினத்தில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அக்காக்கள். காசு வாங்காமல் விடிய விடிய டீ ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர். எங்களைக் காலி செய்யச் சொல்வார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது சட்டி நிறைய இட்லியோடு வந்து நின்ற வீட்டுக்காரர். கடைசியாக, ஈரோட்டிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வந்து, என்னை ஒரு சொல் சொல்லாமல் "நீ சாப்ட்டியாம்மா" என்று மட்டும் கேட்ட அவள் அம்மா. எல்லோருக்கும் நன்றி.

அது பூநாரையா உப்புக் குவியலா என்று இன்னும் தெரியவில்லை. யாரும் போய்ப் பார்க்க வேண்டாம்.

அக்கா, நைட்டி துவைத்து எங்கள் கொடியில் காய்கிறது. உடுத்தினதைத் திருப்பி வாங்க மாட்டீர்கள் என்று தெரியும், அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். அதே பச்சையில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். வேதாரண்யத்தில் கிடைக்கவில்லை, நாகப்பட்டினத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மகளுக்குப் பங்குனியில் நாள் என்று சொன்னார்கள். குழந்தை பிறந்ததும் அதே கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 11 பேரும் வருவோம். உலை மட்டும் வைக்க வேண்டாம், சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம்.