முதுகுல இருக்கற தழும்ப பாத்து முடிவு பண்ணாதீங்க டாக்டர், உள்ள கம்பி எதுவரைக்கும்னு கேளுங்க

தமிழ்நாட்டுல பிரசவம் பாக்குற டாக்டர்மாருக்கும், அவங்க போன் பண்ணா ஓடி வந்து மரத்துப்போக முதுகுல ஊசி போடுற அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர்மாருக்கும் வணக்கம்.

நான் கரூர் பக்கம். ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா. 2008ல, எனக்கு 14 வயசுல, சென்னையில ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் நடந்துச்சு, அதாவது முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு போறதுக்கு. வளைவ மொதல்ல கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல, எங்க தெரு டெய்லர் அக்கா. ஸ்கூல் யூனிஃபார்முக்கு அளவு எடுக்கும்போது "இந்த புள்ளைக்கு ஒரு தோள் எறங்கியிருக்கே, எப்படி தைச்சாலும் ஒரு பக்கம் தூக்குது"ன்னாங்க. எக்ஸ்ரேல 58 டிகிரி. 45, 50 தாண்டுனா ஆபரேஷன யோசிக்கணும்னு சொன்னாங்க, வளர்ற வயசு வேற, பண்ணிட்டோம். டி4ல இருந்து எல்2 வரைக்கும் (முதுகெலும்புல நெஞ்சுக்குப் பின்னாடி இருக்கறது டி, அதுக்கு கீழ இடுப்புப் பக்கம் இருக்கறது எல், மேல இருந்து கீழ நம்பர்) 11 எலும்ப டைட்டானியம் ராடும் ஸ்க்ரூவும் வச்சு ஒண்ணா சேத்துட்டாங்க. அந்த "எல்2"வ ஞாபகம் வச்சுக்கங்க, இந்த லெட்டரே அத பத்திதான்.

கல்யாணத்துக்கு பாக்கும்போதே எல்லாத்தையும் சொல்லித்தான் கட்டிக் குடுத்தாங்க. ஆனா மாசமானதும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க, வயிறு பெருசானா கம்பி வளைஞ்சிரும், புள்ள எடை தாங்காம ஸ்க்ரூ கழண்டுக்கும், அப்படி இப்படின்னு. இது எப்படின்னா வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் அடிக்கறோம்ல, கான்கிரீட் இறுகற வரைக்கும்தான் பலகைக்கு வேலை, அதே மாதிரி எலும்பு ஒண்ணா ஒட்டற வரைக்கும்தான் ராடுக்கு வேலை, ஒட்டுனதுக்கு அப்புறம் பாரத்த தாங்கறது எலும்புதான். அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷமாவது போகட்டும், அப்புறம் குழந்தை பெத்துக்கங்கன்னு சொல்றாங்க. எனக்கு 11 வருஷம் ஆயிருந்துச்சு. ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல, ட்ரீட்மென்ட் முடிஞ்சு சராசரியா 22 வருஷம் ஆன பொம்பளைங்கள பாத்து 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு, எத்தன தடவ மாசமானாங்கங்கறதுக்கும் வளைவு கூடுனதுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் அதுல இருக்கு. இதெல்லாம் நான் மொத பிரசவம் முடிஞ்சதுக்கு அப்புறம் படிச்சது. முன்னாடியே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா அந்த ஒன்பது மாசம் நிம்மதியா தூங்கியிருப்பேன்.

வலி இல்லன்னு சொல்ல வரல. ஒட்டாம மிச்சம் இருக்கற கீழ் எலும்புங்கதான் குனியறது, திரும்பறது எல்லாத்தையும் செய்யணும், ஆறாவது மாசத்துல இருந்து அந்த இடமும் இடுப்பு எலும்பு சேர்ற மூட்டும் ராத்திரியெல்லாம் கொதிக்கும். கட்டில்ல புரள முடியாது, மரக்கட்டைய உருட்டற மாதிரி மொத்தமா உருளணும். அத தாங்கிக்கிட்டேன்.

தாங்க முடியாதது வேற. மொத பிரசவம் 2019. அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு போனப்ப டாக்டரம்மா என் ஜாக்கெட்டுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்த தழும்ப பாத்தாங்க. என்னம்மா இதுன்னாங்க, சொன்னேன். "அய்யோ ராடா, அப்போ நார்மல் கிடையாது, சிசேரியன்தான்"ன்னு ஃபைல்ல எழுதிட்டாங்க. எக்ஸ்ரே கேக்கல. எந்த எலும்புல இருந்து எந்த எலும்பு வரைக்கும்னு கேக்கல. நான் வேற எக்ஸ்ரே இருந்த அந்த பெரிய பிளாஸ்டிக் கவர (பத்து வருஷமா பீரோ மேல கெடந்தத தூசி தட்டி) கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், நீட்டறதுக்கு தைரியம் வரல.

டாக்டர், ராடு என் முதுகுலதான் இருக்கு. இடுப்பெலும்ப யாரும் தொடல, கர்ப்பப்பைய தொடல. குழந்தை வர்ற வழி அப்படியேதான் இருக்கு. ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் பண்ணதுனால மட்டுமே சிசேரியன் பண்ணணும்னு இல்லன்னு உங்க புஸ்தகத்துலயே இருக்கு. வளைவு ரொம்ப அதிகமாகி நுரையீரல் அமுங்கியிருந்தா, இல்ல தசை நோயால வந்த ஸ்கோலியோசிஸா இருந்தா, இல்ல இடுப்பு வரைக்கும் வளைவு போயிருந்தா அது வேற கதை, அப்போ மூச்சு டெஸ்டு, எக்கோ (இதய ஸ்கேன்) எல்லாம் எடுத்து யோசிக்கணும். எனக்கு அது எதுவும் இல்ல, நான் மூணாவது மாடி வரைக்கும் படியேறி வேலைக்கு போயிட்டு இருந்தவ.

2019-21 குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டு பிரசவத்துல 44.9 சதவீதம் சிசேரியன், பிரைவேட்ல மட்டும் எடுத்தா 63.8. நூத்துக்கு அறுபத்தி மூணு பேருக்கு சும்மாவே கத்தி விழற இடத்துல, முதுகுல தழும்போட வர்ற பொண்ணுக்கு யார் நின்னு யோசிக்கப் போறாங்கன்னு எனக்கும் புரியுது.

சரி சிசேரியன்னு ஆயிருச்சு, அதாவது ஒழுங்கா நடந்துச்சான்னா, இல்ல. தியேட்டர்ல பச்சை துணி போத்தி உக்கார வச்சாங்க. அனஸ்தீசியா டாக்டர் அப்பதான் கார்ல இருந்து எறங்கி வர்றார், அவர் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கிடையாது, அன்னைக்கு நாலு ஆஸ்பத்திரி சுத்தறவர், என்னை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. முதுகுப் பக்கம் வந்தார். "நல்லா குனிஞ்சு முதுக வளைங்கம்மா"ன்னார். நான் குனிஞ்சேன். "இன்னும் வளைங்க"ன்னார். வளையக் கூடாதுன்னுதான சார் கம்பி வச்சிருக்காங்கன்னு நான் சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல. துணிய விலக்கி தழும்ப மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார், "இத ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல"ன்னு நர்ஸ கத்துனார், அப்புறம் "இதுல நான் ஊசி போட மாட்டேன், ஜெனரல் குடுத்துரலாம்"னுட்டார், அதாவது முழு மயக்கம். மூஞ்சில மாஸ்க் வந்துச்சு.

கண்ண தொறக்கும்போது தொண்டை எரியுது, வாந்தி, பக்கத்துல யாரோ "பொண்ணு பொறந்திருக்கு"ன்னு சொல்றாங்க. என் மக அழுத மொத அழுகைய எங்க வீட்டுக்காரர் கேட்டிருக்கார், அத்தை கேட்டிருக்காங்க, வாசல்ல நின்ன அட்டெண்டர் கேட்டிருக்கார். நான் கேக்கல.

அந்த அனஸ்தீசியா டாக்டர் மேல எனக்கு கோவம் இல்ல, நெஜமா. மேசைல உக்காந்திருக்கற பொண்ணோட முதுகுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம ஊசிய விடறதுக்கு யாருக்கும் கை நடுங்கும், அந்த நேரத்துல அவருக்கு தெரிஞ்ச பத்திரமான வழி அதுதான். என் கோவமெல்லாம் அதுக்கு முன்னாடி போன நாலு மாசத்து மேலதான். ஃபைல்ல "ராடு"ன்னு எழுதியாச்சு, சிசேரியன்னும் எழுதியாச்சு, அப்போ இந்த பொண்ணுக்கு மயக்கம் எப்படி குடுக்கறதுன்னு ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாம்ல? மாசமா இருக்கும்போது ஜெனரல் குடுத்தா வயித்துல இருக்கறது நுரையீரலுக்கு ஏறிடற ஆபத்து கூடுதல், தொண்டைல குழாய் போடறது கஷ்டம், அதனாலதானே முடிஞ்சவரைக்கும் முதுகு ஊசிக்கே போறீங்க?

இப்போ அந்த எல்2வுக்கு வரேன். பெரியவங்களுக்கு தண்டுவடம் எல்1 எல்2 கிட்டயே முடிஞ்சிருது. அதனாலதான் நீங்க ஊசிய அதுக்கு கீழ, எல்3 எல்4 நடுவுல இல்ல எல்4 எல்5 நடுவுல போடறீங்க. என் ராடு எல்2ல நின்னுருச்சு. அப்போ நீங்க வழக்கமா குத்தற இடத்துல எனக்கு கம்பியும் இல்ல, ஸ்க்ரூவும் இல்ல, ஒட்டுன எலும்பும் இல்ல! தழும்பு மட்டும் கொஞ்சம் கீழ வரைக்கும் நீண்டிருக்கு, அது வெறும் தோல். அந்த பிளாஸ்டிக் கவர்ல இருந்த எக்ஸ்ரேய லைட்டுக்கு நேரா ஒரு நிமிஷம் புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இத எனக்கு சொன்னவங்க ரெண்டாவது பிரசவத்துல வந்த அனஸ்தீசியா டாக்டரம்மா. 2023. வேற ஊரு, வேற ஆஸ்பத்திரி. இந்த தடவ நானே அடம்புடிச்சு 30 வாரத்துல அவங்கள பாக்கணும்னு அப்பாயின்ட்மென்ட் வாங்குனேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு "அவங்கள எல்லாம் பேஷன்ட் பாக்க முடியாதுக்கா, ஆபரேஷன் அன்னைக்குத்தான் வருவாங்க"ன்னுச்சு. பரவால்ல, வர்ற அன்னைக்கு அவங்க டீ குடிக்கற பத்து நிமிஷம் குடுங்கன்னேன். குடுத்தாங்க. கவர வாங்கி எக்ஸ்ரேய ஜன்னல்ல வச்சு பாத்தாங்க, விரலால எண்ணுனாங்க, என் முதுகுல ஸ்கேன் கருவிய வச்சு கீழ எந்த இடைவெளி தொறந்திருக்குன்னு பாத்து குறிச்சுக்கிட்டாங்க. எபிடியூரல பத்தி (முதுகுல மெல்லிசா குழாய் வச்சு மருந்து விடறது) கேட்டேன். ஆபரேஷன் பண்ண இடத்துல உள்ள தழும்பு ஒட்டியிருந்தா மருந்து ஒரு பக்கம் பரவி ஒரு பக்கம் பரவாம போகலாம், ஊசி ஆழமா போயிட்டா தலைவலி வரும், ஸ்பைனல்னா (தண்டுவடத்த சுத்தியிருக்கற தண்ணிக்குள்ள ஒரே தடவை போடற ஊசி) ஊசி முனைல அந்த தண்ணி சொட்டும், எடம் சரின்னு கண்ணுக்கே தெரியும், அதனால உங்களுக்கு அதுதான் நல்லதுன்னாங்க. ஒரு வேளை அதுவும் ஏறலன்னா ஜெனரல்தான், அதுக்கும் மனச தயார் பண்ணிக்கங்கன்னு அதையும் சொன்னாங்க. பத்து நிமிஷம்னது இருபது நிமிஷமாச்சு, டீ ஆறிப்போச்சு.

அன்னைக்கு தியேட்டர்ல மூணாவது குத்துலதான் ஏறுச்சு. மொத ரெண்டும் எலும்புல முட்டுச்சு, வலிச்சுச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு. "வளைய முடியலன்னா பரவால்ல, தலகாணிய கட்டிப்புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காருங்க"ன்னாங்க. கால் மரத்துப்போச்சு. பையன் அழுதான், கேட்டேன்.

ஆனா பாருங்க, ரெண்டாவதும் சிசேரியன்தான். மொதல்ல வயித்த அறுத்தாச்சு, ரெண்டாவது நார்மலுக்கு முயற்சி பண்ற வசதி இருக்கற ஆஸ்பத்திரி எங்க பக்கத்துல கிடைக்கல. 2019ல தழும்ப பாத்து அரை நிமிஷத்துல எழுதுன அந்த ஒரு வரிதான் 2023லயும் என் வயித்த அறுத்துச்சு.

இங்கிலாந்து இளவரசி யூஜினி இருக்காங்கல்ல, அவங்களுக்கும் 12 வயசுல, 2002ல இதே ஆபரேஷன். 2018 அக்டோபர்ல கல்யாணத்தப்போ தழும்பு தெரியணும்னே முதுகு எறங்குன கவுன் போட்டாங்க, அப்புறம் 2021லயும் 2023லயும் ரெண்டு பையன். மாசமா இருக்கும்போது அந்த போட்டோவ காட்டி அத்தைக்கு தைரியம் சொன்னேன். அத்தை ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, "அவங்களுக்கு டாக்டரு வீட்டுக்கே வருவாரும்மா"ன்னு. அங்க இந்த மாதிரி பிரச்சினை இருக்கற மாசமானவங்கள பிரசவத்துக்கு முன்னாடியே அனஸ்தீசியா டாக்டர்கிட்ட அனுப்பறதுக்குன்னே ஆஸ்பத்திரிகள்ல தனி கிளினிக் இருக்கு, இளவரசிக்கு மட்டும் இல்ல, கடைல வேலை பாக்கற பொண்ணுக்கும்தான்.

நான் தனி கிளினிக் கேக்கல. மாசமானதும் போடற அந்த மொத செக்கப்புல சுகர் இருக்கா, பிபி இருக்கா, அலர்ஜி இருக்கான்னு கேக்கறீங்கல்ல, கூடவே முதுகுல ஆபரேஷன் பண்ணியிருக்கான்னு ஒரு கேள்வி. ஆமான்னா 28ல இருந்து 32 வாரத்துக்குள்ள அனஸ்தீசியா டாக்டர் ஒரு தடவ நேர்ல பாக்கணும். நடுராத்திரி வலி வந்து ஓடி வந்தாலும் டூட்டில இருக்கறவங்க படிக்கற மாதிரி ஃபைல் மொத பக்கத்துல எந்த எலும்புல இருந்து எந்த எலும்பு வரைக்கும், எங்க ஊசி போடலாம்னு ரெண்டு வரி எழுதி வைக்கணும். பழைய எக்ஸ்ரே தொலைஞ்சு போயிருந்தா வயித்துப் புள்ளைக்கு ரேடியேஷன்னு பயப்பட வேண்டாம், ஸ்கேன் கருவியிலயே இடைவெளிய தேடலாம், எம்ஆர்ஐயும் இருக்கு.

முதுகு ஆபரேஷன் பண்ற டாக்டர்மாருக்கும் ஒண்ணு. நீங்க 14 வயசு புள்ளைய டிஸ்சார்ஜ் பண்ணும்போது அவ பத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு புள்ள பெக்கப் போறவன்னு நெனச்சு ஒரு தாள் குடுங்க. என் டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம், அதுல எந்த எலும்புல இருந்து எந்த எலும்பு வரைக்கும்ங்கறது நாலாவது பக்கம் நடுவுல சின்ன எழுத்துல இருக்கு, எங்க அம்மாவுக்கு அதுல ஒரு எழுத்து புரியாது. மத்தவங்க பேச்ச கேட்டு பயந்துபோன அம்மா, இவளுக்கு குழந்தை பொறக்குமா சார்னு உங்ககிட்ட கேக்க வெக்கப்பட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாங்க, அது உங்களுக்கு தெரியாது.

இப்போ எதுக்கு இவ்வளவு அவசரமா எழுதறேன்னா, எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு, நாமக்கல் பக்கம், ஏழாம் மாசம் நடக்குது, அவளுக்கு டி3ல இருந்து எல்3 வரைக்கும் ராடு. நான் விரல் விட்டு எண்ணி பாத்துட்டேன், எல்4 எல்5 தொறந்துதான் இருக்கு. அடுத்த வாரம் உங்கள்ல ஒருத்தர்கிட்ட வரப்போறா. எக்ஸ்ரே கவர் அவ கையில இருக்கும், ஆனா அவளா நீட்ட மாட்டா, பயந்த சுபாவம். நீங்களே கேட்டு வாங்கிப் பாத்துருங்க டாக்டர்.