குடிசைவாசிகள் அழித்த காடா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மும்பையின் அலையாத்திக் காடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கடற்கழி ஓரத்தை ஆக்கிரமித்த குடிசைவாசிகளால்தான் காடு அழிகிறது என்று அதில் ஒரு வரி. முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் நான். அந்த வரி என் வீட்டு வாசலில் நின்று என்னைத் திட்டியது போல இருந்தது.

நான் டிராம்பே சீத்தா கேம்பில் குடியிருக்கிறேன். நாங்கள் இங்கே ஆக்கிரமிக்க வரவில்லை ஐயா. 1976 மே மாதம், நெருக்கடி நிலை. அணுசக்தி மையத்துக்கு இடம் வேண்டுமென்று நாங்கள் குடியிருந்த ஜனதா காலனியை இடித்து, எங்களை லாரியில் ஏற்றி இங்கே இறக்கியதே அரசாங்கம்தான். தாங்கள் அறியாததல்ல. எனக்கு அப்போது எட்டு வயது. கட்டிலின் நாலு காலுக்கும் அம்மா செங்கல் முட்டுக் கொடுத்தாள். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறினால் அடுப்படி வரை சேறு வரும். அன்றைக்கு இதைக் காடு என்று யாரும் சொல்லவில்லை. விறகுக்குக் கிளை ஒடித்திருக்கிறோம், மறைக்கவில்லை. ஒடித்த இடத்தில் மறுபடி துளிர்த்தது.

இந்த மரம் எப்படிச் சாகிறது என்பதைத் தங்கள் நிருபர் பார்த்திருக்க மாட்டார். சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்தது மாதிரி வேர்கள் நிற்கும். அதன் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. இடித்த கட்டடத்தின் செங்கல், டைல்ஸ், சிமெண்ட் கட்டியை அதன்மேல் ஒரு முழ உயரம் கொட்டினால் போதும், கோடரியே வேண்டாம். இலை மஞ்சளாகி, நின்ற நிலையிலேயே பட்டுப்போகும்.

அந்த டெப்ரியைக் குடிசைக்காரன் தலையிலா சுமந்து வந்தான்? போன மார்கழியில் ராத்திரி இரண்டு மணிக்கு டம்பர் லாரி வந்து கொட்டியதைப் பக்கத்து வீட்டுப் பையன் மொபைலில் படம் எடுத்தான். வண்டி எண் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில், இது எங்கள் எல்லையில் வராது என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்திலோ, இது காடு, அங்கேயே போங்கள் என்றார்கள். மூட்டு வலியோடு ஒன்பது தடவை நடந்தேன். கடைசியில் மராத்தியில் ஒரு கடிதம் வந்தது: நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குப்பை ஏதும் காணப்படவில்லை. அதில் போட்டிருந்த தேதியில் அந்த மேடு என் மாடியிலிருந்து தெரிந்துகொண்டுதான் இருந்தது. அலுவலகங்களின் பெயரை எழுதி யாரையும் அவமானப்படுத்த நான் விரும்பவில்லை.

2005 அக்டோபரில், நிலம் யாருடையதானாலும் இந்த மரங்களை அழிக்கக் கூடாது, சுற்றி 50 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 'எல்லை' என்று என்னிடம் சொன்னார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 2012-ல் இந்தக் காடுகளுக்கென்றே வனத்துறையில் தனிப் பிரிவும் வந்துவிட்டது. புல்லட் ரயிலுக்காகச் சுமார் 20,000 அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அந்தக் கணக்கும் எங்கள் தலையில்தானா? பூநாரைகளின் வண்ணப்படத்தை வருடாவருடம் போடுகிறீர்கள். அவை இரை தேடும் சேற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களை ஒரு தடவையாவது விசாரித்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதில்லை. டம்பர் இறங்கும் அந்த மண்பாதையில் ஓர் இரும்புத் தடுப்பு. பக்கத்தில், இந்த இடத்துக்கு எந்த அலுவலகம் பொறுப்பு, ராத்திரியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒரு பலகை. இதைத் தாங்கள் எழுதினால் கேட்பார்கள். நிருபரையும் ஒரு நாள் தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்து அனுப்புங்கள். எந்தெந்த மரம் பட்டுப்போயிற்று என்று நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சீத்தா கேம்ப், டிராம்பே, மும்பை.