கண்டுபிடித்தவருக்கு என்ன மிஞ்சுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரி, காப்புரிமை (பேட்டன்ட்), வேலைவாய்ப்பு ஆகிய மூன்றிலும் அண்மையில் வந்த சட்ட மாற்றங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நன்றாக உழைத்திருக்கிறார். ஆனால் மூன்றையும் தனித்தனியாகவே பேசி முடித்துவிட்டார். மூன்றும் ஒரே ஆளின் தலையில் வந்து விழுகிற இடம் ஒன்று உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே புதிதாக எதையாவது கண்டுபிடிக்கிறாரே, அவரைச் சொல்கிறேன். நானும் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கண்டுபிடிப்பாளர் என்று பதிவு செய்ய முடியாது எனப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னதைக் கட்டுரை விரிவாகவே பேசியது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022இல் அதையேதான் சொன்னது. கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும். சரி, நல்ல தீர்ப்பு. அந்த மனிதருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கும். உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர் இருக்கும். பணம் இரண்டாவது பெயரைத் தேடித்தான் போகும்.

நீல நிற எல்.இ.டி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷூஜி நாகமுராவுக்கு அவர் வேலை பார்த்த ஜப்பானிய நிறுவனம் கொடுத்த வெகுமதி 20,000 யென். அவர் வழக்குப் போட்டார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போக, அடுத்த ஆண்டு சுமார் 84 கோடி யென்னில் சமரசம் ஆனது. 2014இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இதுபோன்ற வழக்குகளால் கலங்கிப்போன ஜப்பானிய நிறுவனங்கள் சட்டத்தை மாற்றக் கோரின. 2015இல் செய்த திருத்தத்தின்படி, முன்கூட்டியே விதி எழுதி வைத்திருந்தால் கண்டுபிடிப்பின் உரிமை தொடக்கத்திலிருந்தே நிறுவனத்துக்குப் போய்விடும். ஊழியருக்கு நியாயமான பலன் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் சட்டத்தில் தங்கியது. அதுவாவது தங்கியதே என்றுதான் சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் இயன் ஷாங்க்ஸ் கதை இன்னும் என்னை உறுத்துகிறது. 1982இல் யூனிலீவர் குழும நிறுவனம் ஒன்றில், ஆண்டுக்கு 18,000 பவுண்டு சம்பளத்தில் வேலை. இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்க்கும் கருவிக்கான முதல் மாதிரியை அவர் வீட்டில் வைத்துச் செய்தார். மகளின் விளையாட்டு மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணாடித் துண்டுகளும், காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளும்தான் பொருட்கள். அந்தக் காப்புரிமையால் நிறுவனத்துக்குக் கிடைத்தது சுமார் 2.4 கோடி பவுண்டு. ஊழியரின் கண்டுபிடிப்பால் நிறுவனத்துக்கு மிகச் சிறந்த ஆதாயம் கிடைத்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு என்று அங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய நிறுவனத்தின் மொத்த லாபத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை அப்படியொன்றும் பெரிதில்லை என்ற வாதம் கீழ் நீதிமன்றங்களில் எடுபட்டது. 2006இல் அவர் தொடங்கிய வழக்கு 2019இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 20 லட்சம் பவுண்டு அவருக்குக் கிடைத்தது. பதின்மூன்று ஆண்டுகள் வழக்காட எத்தனை ஊழியரால் முடியும்?

ஜெர்மனியில் இதற்கென்றே 1957இல் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஊழியர் தன் கண்டுபிடிப்பைத் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் நான்கு மாதத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் உரிமை நிறுவனத்துக்குப் போகும், கூடவே ஊழியருக்குப் பணம் தரும் கடமையும் வந்து சேரும். பிரச்சினையை எடுத்துக் கொடுத்தவர் யார், தீர்வு எப்படிக் கிடைத்தது, ஊழியர் எந்தப் பதவியில் இருந்தார் என்று பார்த்துப் பங்கைக் கணக்கிட அரசே வழிகாட்டு விதிகள் வைத்திருக்கிறது. தகராறு வந்தால் காப்புரிமை அலுவலகத்திலேயே கட்டணமில்லாத சமரசக் குழு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஊழியருக்குப் பாதகமாக இந்த உரிமைகளை முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. வேலையில் சேரும் நாளில் யாருக்குப் பேரம் பேசும் தைரியம் இருக்கிறது? அதைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டம் அது.

அப்புறம் வரி. பிரிட்டனில் 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, காப்புரிமையிலிருந்து வரும் லாபத்துக்கு நிறுவனங்கள் 10 சதவீத வரி கட்டினால் போதும். மற்ற லாபத்துக்கு இப்போது அங்கே முதன்மை விகிதம் 25 சதவீதம். அமெரிக்காவில் 2022 முதல் உள்நாட்டு ஆய்வுச் செலவை, வரிக்குரிய லாபத்திலிருந்து ஐந்து ஆண்டுகளில் பிரித்துத்தான் கழிக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம், உள்நாட்டு ஆய்வுச் செலவு முழுவதையும் அதே ஆண்டில் கழித்துக்கொள்ள விட்டுவிட்டது. தங்கள் கட்டுரை இதைத் தொழில்துறைக்கு நல்ல செய்தி என்றது. மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுச் செலவில் பெரும்பகுதி ஆய்வாளர்களின் சம்பளம்தானே! நம் சம்பளத்தைக் காட்டி நிறுவனம் சலுகை பெறுகிறது, நம் கண்டுபிடிப்பைக் காட்டி இன்னொரு சலுகை பெறுகிறது. கண்டுபிடித்தவரின் கைக்கு ஒரு தொகை வந்தால், ஜெர்மனியில்கூட அது சம்பள வருமானம் என்றே வரிக்கு உட்படுகிறது. புதுமையை ஊக்குவிக்கத்தான் சலுகை என்றால், ஊழியருக்குப் பங்கு கொடுக்கும் நிறுவனத்துக்கு மட்டுமே அது கிடைக்கும்படி ஏன் செய்யக்கூடாது? நிபந்தனை போடுவது ஒன்றும் புதிதில்லை. ஆய்வு எங்கே நடந்ததோ அதற்கு ஏற்பத்தான் சலுகை என்று பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2015இல் விதி வகுத்தது, நாடுகள் அதை ஏற்று நடக்கின்றன.

பங்கு கிடைக்காதவர் வேறு இடத்துக்குப் போகலாமே என்பார்கள். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்த விதி அங்கே குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் இதை நாடு முழுக்கத் தடை செய்யக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஆகஸ்டிலேயே டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே இன்றைய நிலையில், வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் தாளே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு பயிற்சிக்காக ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனபோது, உரிமையை 'இதன் மூலம் மாற்றித் தருகிறேன்' என்று இன்னொரு தாளில் கையெழுத்திட்டார். முதலாவது வாக்குறுதி, இரண்டாவது உரிமை மாற்றம் என்று நீதிமன்றம் பார்த்தது. அந்த நிறுவனத்தின் உரிமைகள் பின்னால் ரோஷ் என்ற மருந்து நிறுவனத்துக்குப் போயிருந்தன. 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. வழக்கறிஞர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதி என்றால், முதல் நாள் மனிதவளப் பிரிவில் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடும் இளைஞரை நினைத்துப் பாருங்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரும் காப்புரிமை வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். பணி ஒப்பந்தத்தில் எந்த வரிகளைக் கவனிக்க வேண்டும், வேலை நேரத்துக்கு வெளியே சொந்தப் பொருளில் செய்த வேலை யாருக்குச் சேரும், விலகிய பிறகும் கண்டுபிடிப்புகளைக் கேட்கும் விதி செல்லுமா என்பதை மாதிரி வாசகங்களோடு விளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இப்போது என்ன கேட்கலாம் என்பதையும் அதில் சேர்த்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்